இனி வராதீங்க

மெல்லக்காவின் உண்மையான பெயர் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. கழுத்து திரும்பாமல் வருகிறவரிடம் "மெல்ல, மெல்ல" என்பார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறுகிறவரிடமும் அதேதான். தலைபோகிற அவசரம் என்று ஓடிவருகிறவரிடம் இன்னும் கொஞ்சம் அழுத்தி ஒரு "மெல்ல". அதுவே பெயராகிவிட்டது. அவரைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் மறுப்பதில்லை.

தரைத்தளத்தில் முன்பக்கம் அவர் கணவரின் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை, பின்பக்கம் வீடு. மாடியில் ஒரே ஓர் அறை. அதுதான் மெல்லக்காவின் சிகிச்சை அறை. புருஷனும் பொண்டாட்டியும் குளிரையும் சூட்டையும் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று தெருவில் கேலி செய்வார்கள்.

அறையில் பெரிதாக ஒன்றும் கிடையாது. பழைய ஃப்ரிட்ஜ்களின் இரும்புச் சட்டங்களை வெட்டி, வெல்டிங் வைத்துக் கணவர் செய்துகொடுத்த உயரமான கட்டில். அதன்மேல் மெத்தென்ற விரிப்பு. ஒரு நாற்காலி, வெந்நீர்ப் பாத்திரம், அடுக்கிவைத்த பருத்தித் துண்டுகள். ஒரு ஜன்னல் தெருவைப் பார்க்கும். இன்னொன்று பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கும். மற்ற சிகிச்சை அறைகளில் இருப்பதுபோல எலும்புக்கூடு படம் இங்கே இல்லை. முன்பு ஒன்று மாட்டியிருந்தாராம். "வர்றவங்க அதையே பாத்துக்கிட்டிருந்துட்டு, இங்கயும் வலிக்குது, அங்கயும் வலிக்குதுன்னு ரெண்டு இடம் கூடுதலா காட்டுறாங்க" என்று கழற்றிவிட்டார்.

அவர் வேலை செய்கிற முறையே தனி. வந்தவரைப் படுக்க வைத்ததும் அமுக்கமாட்டார், பிடிக்கமாட்டார். முதுகில் உள்ளங்கையை வைத்துவிட்டு அப்படியே நிற்பார். படுத்திருப்பவரின் மூச்சு மேலே மேலே வாங்கிக்கொண்டிருக்கும். அது தணிந்து, வயிறுவரை இறங்கி, ஒரு பெருமூச்சாக வெளியே வரும். அதன்பிறகுதான் விரல் அசையும். நடுவில் கேள்வி கேட்பார். எந்தப் பக்கம் படுப்பீங்க? சாப்பிடும்போது உக்காருவீங்களா, நின்னுக்கிட்டா? வீட்ல யாரோட பேச்சுவார்த்தை இல்ல? முதல் இரண்டுக்கும் சட்டென்று பதில் வரும். மூன்றாவதற்கு முதுகு இறுகும். மெல்லக்காவுக்கு அந்தப் பதில் போதும்.

தன் கைக்கு அடங்காத விஷயம் என்று தோன்றினால், கட்டியோ, மரத்துப்போன விரலோ, விடாத காய்ச்சலோ எதுவானாலும், விரிப்பைக்கூடக் கலையவிடமாட்டார். "இது என் டிபார்ட்மென்ட் இல்ல. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்கு இல்ல, இன்னிக்கு."

குணமாகி நன்றி சொல்ல வருகிறவர்களிடம் ஒரே பாட்டுதான். "நான் என்ன பண்ணேன்? உங்க உடம்பு பண்ணுச்சு. அதுக்குக் கொஞ்சம் இடம் விட்டேன், அவ்வளவுதான். இனி வராதீங்க."

இந்த 'இனி வராதீங்க' எங்கள் தெருவில் ஒரு பட்டம் மாதிரி. வாங்கினவர்கள் படியில் குதித்து இறங்கி, தெருமுனைவரை சொல்லிக்கொண்டே போவார்கள். கூடவே இருக்கும் நாத்தனாருக்குத்தான் அது பொறுக்காது. கணவரின் அக்கா அவர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலை மட்டும் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்தார், குரலை விடவில்லை.

"ஊர்ல இருக்கிற கடைக்காரன் எல்லாம் மறுபடியும் வாங்கன்னு கும்பிடுறான். நீ ஒருத்திதான் வராதே வராதேன்னு விரட்டுற."

"திரும்பித் திரும்பி வந்தா என் வேலை சரியில்லைன்னு அர்த்தம் அண்ணி."

இந்த வேலைக்கு அவர் வந்த கதை சின்னது. கல்யாணத்துக்கு முன்பு ஒரு பேக்கரியில் வேலை பார்த்தார். அடுப்பிலிருந்து எடுத்த தட்டு முன்கையில் பட்டு, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்துபோனது. ஆஸ்பத்திரியில் கழுவி மருந்து போட்டு, துணி சுற்றி, கண்டபடி தொடக்கூடாது என்று அனுப்பினார்கள். கட்டு மாற்றும்போது மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவர் குனிந்து குனிந்து பார்ப்பார். பால் ஆறும்போது ஓரத்திலிருந்து ஆடை கூடுவதுபோல, இளஞ்சிவப்பாக ஒரு புதுத்தோல் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தது. "இதுக்கு யார் சொல்லிக்குடுத்தது? நான் பாட்டுக்கு பன் அடுக்கிக்கிட்டிருக்கேன், இது பாட்டுக்கு வேலை பாக்குது!" என்று பேக்கரி முழுக்கச் சொல்லி, எல்லாருக்கும் கையைக் காட்டிக்கொண்டு திரிந்தாராம். புண் ஆறியதும் சாயங்கால வகுப்பில் சேர்ந்து இயற்கை வைத்தியமும் உடல் பிடிப்பதும் படித்தார். ஒரு பெரிய சிகிச்சை நிலையத்தில் சில வருடம் வேலை பார்த்தார். பிறகு இந்த மாடி.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். 'நான் ஒன்றும் செய்யவில்லை' என்று மெல்லக்காவின் வாய் சொல்லும். அவருடைய வலது கை அதை நம்பாது. வீட்டில் அந்தக் கைக்கு மாப்பிள்ளை உபசாரம் நடக்கும். அது பாத்திரம் தேய்க்காது, கனமான பை தூக்காது, குளிர்காலத்தில் எண்ணெய் பூசிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். துண்டு பிழிவது மட்டும் அதன் வேலை. கொதிநீரில் நனைத்த துண்டை ஒரே முறுக்கில், சொட்டு ஈரம் மிச்சமில்லாமல் பிழிந்து உதறி, ஆவி பறக்கத் தோளில் விரிப்பார். அந்த முறுக்கைப் பார்க்கவே அழகாக இருக்கும்.

அந்தக் கைதான் உடைந்தது.

கடையில் இடமில்லை என்று கணவர் ஒரு பழைய ஃப்ரிட்ஜை வீட்டுக்குள் கொண்டுவந்து, சமையலறை வாசலில் நிறுத்தித் திறந்துபோட்டிருந்தார். உறைந்திருந்த பனிக்கட்டி உருகித் தரையில் ஓடியிருக்கிறது. மெல்லக்கா காபி டம்ளரோடு வந்தார். வழுக்கியது. டம்ளரைக் காப்பாற்ற இடது கையை உயர்த்தி, வலது கையை ஊன்றினார். டம்ளருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஓடிக்கிட்டிருக்கிற ஃப்ரிட்ஜைக்கூடத் திறந்து உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கிற ஒரே ஆள் உலகத்துல நீங்கதான்" என்று தரையில் உட்கார்ந்தபடியே கணவரைத் திட்டினார். அவர் முகம் வெளிறிப்போய், தரையைத் துடைப்பதா மனைவியைத் தூக்குவதா என்று தெரியாமல் மாப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டேய், மாப்பைக் கீழ போடு! ஆட்டோவைக் கூப்பிடு!" என்று நாத்தனார் மைதானக் குரலில் கத்தியபோதுதான் அவருக்குக் கால் நகர்ந்தது.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். மணிக்கட்டில் முறிவு. இழுத்து நேராக்கி மாவுக்கட்டு போட்டார். இளம் வயதுப் பெண், சிரித்த முகம். கட்டு போட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் நேரா வெச்சுட்டேன். என் வேலை முடிஞ்சது. ஒட்டுறது எலும்போட வேலை. நீங்க அதுக்கு இடம் குடுத்தாப் போதும்."

மெல்லக்காவுக்கு சுருக்கென்றது. வெளியே வந்ததும் கணவரிடம் முணுமுணுத்தார். "இது நான் பேசுற வசனம்."

"நல்லாத்தானே இருக்கு, கேக்க?"

"கேக்க நல்லா இல்ல. ஒண்ணுமே செய்யாத மாதிரி இருக்கு."

மாடிப்படிக் கதவில் ஒரு அட்டை தொங்கியது: 'கை சரியில்லை. சிகிச்சை இல்லை.' மாவுக்கட்டு இருந்த வாரங்களில் மெல்லக்கா நல்ல பிள்ளையாகத்தான் இருந்தார். இருக்காமல் என்ன செய்வது, கட்டுக்குள் விரல் நுழையாதே. கட்டைப் பிரித்த பிறகுதான் வினை ஆரம்பித்தது. உள்ளிருந்து வந்த கை அவருடைய கை மாதிரியே இல்லை. இளைத்து, வெளுத்து, மணிக்கட்டில் கட்டைபோல விறைத்திருந்தது. முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து விரல்களை மூடித் திறங்கள், மணிக்கட்டைத் தானாகப் போகிற தூரம்வரை அசையுங்கள், அமுக்கவோ இழுக்கவோ கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மெல்லக்கா ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து பார்த்தார். துண்டு சுருண்டது, தண்ணீர் இறங்கவில்லை. குழந்தை கையில் கொடுத்த பொம்மைபோல அது தொங்கியது. துண்டை அப்படியே கொடியில் போட்டார். அது சாயங்காலம்வரை சொட்டிக்கொண்டே இருந்தது. இந்தக் கை பழையபடி பிழியுமா? பிழியாவிட்டால் மாடியில் அந்தக் கட்டில் எதற்கு? அவர் மனதில் ஓடியது அதுதான். யாரிடமும் சொல்லாவிட்டாலும் கொடியில் தொங்கிய துண்டைப் பார்த்த எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து மெல்லக்கா திருட்டுத்தனம் செய்யத் தொடங்கினார். குளியலறைக்குப் போனால் வர நேரமாகும். துணி மடிக்கிறேன் என்று மாடிக்குப் போவார். துணி கீழே இருக்கும். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து அமுக்குவது, இழுப்பது, மடக்குவது, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு மடக்கு. ஊராருக்குச் சொல்லும் 'மெல்ல' ஒன்றுகூட இங்கே கிடையாது. மணிக்கட்டு வீங்கியது. வீக்கத்தை மறைக்க, வீட்டுக்குள்ளேயே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டார்.

"குளிருதா?" என்று கணவர் கேட்டார்.

"ஆமா. நீங்கதான் வீட்டை ஃப்ரிட்ஜா ஆக்கி வெச்சிருக்கீங்களே."

வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது சட்டைக் கையைச் சுருட்ட வேண்டி வந்தது. டாக்டர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். சிரித்த முகம் சிரிக்கவில்லை. "யார் இதை அமுக்குறது?"

மெல்லக்கா ஜன்னலைப் பார்த்தார். கணவர் மெல்லக்காவைப் பார்த்தார்.

"யாரோ பிடிச்சு முறுக்கியிருக்காங்க. இப்படியே பண்ணா வீக்கமும் போகாது, விறைப்பும் அப்படியே நின்னுடும். யார்கிட்ட காட்டுறீங்களோ, மொதல்ல அந்த ஆளை மாத்துங்க."

"சரிங்க டாக்டர்" என்றார் கணவர், மிகவும் பணிவாக. "நானும் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருக்கேன், அந்தம்மா சரியில்லைன்னு."

வீட்டு வாசலில் இறங்கியதும் கணவர் நேராகக் கடைக்குள் கூட்டிக்கொண்டுபோய், ஓடிக்கொண்டிருந்த ஒரு ஃப்ரிட்ஜைக் காட்டினார். "இதுல காலையில ஐஸ் தட்டு வெச்சேன். தண்ணியா ஊத்தினேன். இப்ப ஐஸ் ஆயிருக்கும். நான் என்ன பண்ணேன்?"

"என்ன பண்ணீங்க?"

"கதவைச் சாத்திட்டுப் போயிட்டேன். நீ என்ன பண்ற தெரியுமா? நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து, ஆயிடுச்சா, ஆயிடுச்சான்னு விரலை விட்டுக் கலக்கிக்கிட்டிருக்க. அப்புறம் தண்ணியாவே இருக்கேன்னு அழற."

"நான் ஒண்ணும் அழலை."

"அழலையா? அப்போ கம்பளிச் சட்டை எதுக்கு?"

மெல்லக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. திறந்து திறந்து பார்க்கிறீர்கள் என்று காலமெல்லாம் இவரைத் திட்டினது போய், இப்போது இவரிடமே மாட்டிக்கொண்டாயிற்று. "போதும், கடையை நடத்துற வழியைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், முதல் காரியமாகச் சட்டையைக் கழற்றினார்.

அன்று முதல் காவல் பலமானது. மெல்லக்காவின் இடது கை சும்மா இருந்தால் நாத்தனார் அதில் பட்டாணியைத் திணிப்பார். "உரி. அந்தக் கைக்கு வேலை இருந்தாத்தான் இந்தக் கைக்கு நிம்மதி." வெதுவெதுப்பான தண்ணீரில் விரல்களை மூடித் திறக்கும்போது, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை வேறு. மெல்லக்கா கொஞ்சம் அழுத்தினால் போதும். "ஏய்! மெல்ல!"

இந்த நிலைமையில்தான் பஸ்காரர் வந்தார்.

அவர் டவுன் பஸ் ஓட்டுநர். வலது தோள் இறுகி, கை காதுவரைகூட உயராது. ஸ்டியரிங் திருப்ப முடியாததால் டிப்போவில் உட்காரவைத்து பாஸ் எழுதும் வேலை கொடுத்திருந்தார்கள். மெல்லக்கா விழுவதற்கு முன்பு பாதி சிகிச்சையில் இருந்தவர்.

"அட்டையைப் பாக்கலையா?" என்று மெல்லக்கா மாடிப்படியில் நின்று கேட்டார்.

"பாத்தேங்க. உங்களுக்குக் கைதானே சரியில்ல. எனக்குத் தோள். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"நான் எப்படிப் பிடிச்சுவிடுவேன்?"

"பிடிக்க வேண்டாம்க்கா. அந்தக் கட்டில்ல கொஞ்ச நேரம் படுத்துட்டுப் போறேன். டிப்போவுல உக்காந்து உக்காந்து முதுகு பலகை ஆயிடுச்சு. எங்க வீட்ல படுத்தா, எப்ப வண்டி ஏறப் போறீங்கன்னு கேள்வி கேக்குறாங்க."

படுத்தார். மெல்லக்கா என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு, பழக்கமில்லாத இடது உள்ளங்கையை அவர் முதுகில் வைத்தார். அது கூச்சத்தோடுதான் போய் உட்கார்ந்தது, புது வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. பஸ்காரரின் மூச்சு மேலே வாங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு இறங்கியது, வழக்கம்போல. பெருமூச்சு வந்தது, அதைத் தொடர்ந்து குறட்டை வந்தது.

இடது கைக்கும் இறங்குகிறதே என்று மெல்லக்கா அசந்துபோனார். முதலில் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்ததாம், மாப்பிள்ளை உபசாரம் எல்லாம் வீணாகப் போச்சே என்று. அப்புறம்தான் சந்தோஷமாக இருந்திருக்கிறது.

மறுநாளும் பஸ்காரர் வந்தார். கையால் வேலை செய்ய முடியாத மெல்லக்கா அன்று பேச்சுக்கொடுத்தார், உட்கார்ந்து பார்த்தார். முன்பெல்லாம் பஸ்காரரின் கையை மெல்லக்காதான் பிடித்து உயர்த்துவார். ஒரு இடம் வந்ததும் அவர் தோள் கெட்டியாகும். இவர் கொஞ்சம் தள்ளுவார். அது இன்னும் கெட்டியாகும். இப்போது தள்ள ஆளில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபோது ஒன்று தெரிந்தது. வலி வருவதற்கு முன்பே மனிதர் முகத்தைச் சுளிக்கிறார், மூச்சைப் பிடிக்கிறார். வலி இன்னும் தெருமுனையில்தான் இருக்கிறது, இவர் இங்கே கதவைத் தாழ் போட்டுவிடுகிறார்.

"சுவரைப் பாத்து நில்லுங்க. ரெண்டு விரலை வெச்சு எறும்பு ஏறுற மாதிரி மேல போங்க. வலிக்கப்போகுதுன்னு தோணுற இடத்துக்கு ஒரு விரல்கடை முன்னாடியே நின்னுடுங்க."

"தோணுற இடத்துக்கு முன்னாடியா? தோணிக்கிட்டேதான்க்கா இருக்கு."

"சரி, அப்போ கீழயே நில்லுங்க. மூச்சு விடுங்க. ஸ்டாப்பிங்ல பஸ்ஸை நிறுத்துற மாதிரி. ஏற வேண்டியவங்க ஏறட்டும். நீங்க விசில் கேக்காம எடுக்காதீங்க."

பஸ்காரர் சிரித்தார். சிரித்ததில் மூச்சு வெளியே போனது. விரல்கள் தாமாகவே ஒரு படி ஏறின. அந்த இடத்தில் மெல்லக்கா பென்சிலால் சுவரில் ஒரு கோடு போட்டார்.

"போன மாசம்தான் பெயின்ட் அடிச்சது!" என்று வாசலில் வந்து நின்ற கணவர் அலறினார்.

"அப்படின்னா சுத்தமா இருக்கும். கோடு நல்லாத் தெரியும்" என்றார் மெல்லக்கா.

செய்தி எப்படியோ பரவியது. கழுத்துவலிக்கு வந்துகொண்டிருந்த தையல்காரம்மா வந்தார். "கை இல்லாமயே பஸ்காரருக்கு வைத்தியம் நடக்குதாமே, எனக்கு மட்டும் என்ன?" என்று உரிமையோடு கேட்டார். வேறு சிலரும் வந்தார்கள். அட்டையை யாரும் மதிக்கவில்லை. கடைசியில் காற்றே அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது.

சிக்கல் துண்டில்தான். ஒத்தடம் இல்லாமல் இறுகின தோள் இளகாது. துண்டைப் பிழிய மெல்லக்காவால் முடியாது. தரையில் தண்ணீர் விட்ட குற்றவாளி என்ற முறையில் அந்தப் பொறுப்பு கணவர் தலையில் விழுந்தது. கம்ப்ரஸர் தூக்குகிற கை. ஆனால் துண்டு பிழியத் தெரியவில்லை. இரண்டு முனையையும் இரண்டு பக்கம் இழுப்பாரே தவிர முறுக்கமாட்டார். ஆவி பறக்க, தண்ணீரும் சேர்ந்து ஒழுக, தையல்காரம்மாவின் கழுத்தில் கொண்டுபோய் விரித்தார்.

"ஐயோ! இது ஒத்தடமா, குளியலா?"

"கொஞ்சம் ஈரம் இருந்தாத்தான் நல்லா இறங்கும்மா" என்றார் கணவர், வைத்தியர் தோரணையில்.

"இறங்குதே, இடுப்புவரைக்கும் இறங்குதே!"

நாத்தனார் படியேறி வந்து தம்பிக்குத் துண்டு பிழியும் பயிற்சி கொடுத்தார். "மணிக்கட்டைத் திருப்புடா! இழுக்காதே! திருப்பு!" சில நாளில் கை வந்துவிட்டது. கூடவே பெருமையும் வந்துவிட்டது. கடையில் வேலை கிடக்க, மனிதர் மாடியிலேயே சுற்றினார். ஒத்தடம் போட்டுக்கொண்டே, வந்தவர்களிடம் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் எப்படி இருக்கிறது, சத்தம் போடுகிறதா, சுவரை ஒட்டி வைத்திருக்கிறீர்களா என்று விசாரிப்பார். "அதுக்கும் பின்னாடி மூச்சு விட இடம் வேணும்மா." தையல்காரம்மா கழுத்துக்கு வந்துவிட்டு, ஃப்ரிட்ஜுக்கும் யோசனை வாங்கிக்கொண்டு போனார்.

இப்படியே நாள் போனது. சுவரில் கோடுகள் ஏறின, சில நாள் இரண்டு விரல்கடை, சில நாள் ஒன்றுமில்லை. ஒரு நாள் பஸ்காரர் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்; அன்று முந்தைய கோட்டையே தொட முடியவில்லை. "பரவாயில்ல, அது எங்கயும் ஓடிப்போகாது" என்று மெல்லக்கா அவரைப் படுக்கவைத்துவிட்டார். மெல்லக்காவின் மணிக்கட்டை மட்டும் யாரும் அளக்கவில்லை. அவர் அளக்கவிடவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், மூடித் திறப்பது, பட்டாணி, அவ்வளவுதான். வீக்கம் எப்போது போனது என்றுகூட யாரும் கவனிக்கவில்லை. பிழிந்து பார்க்கட்டுமா என்று ஒன்றிரண்டு தடவை துண்டின் பக்கம் அவர் கை போனது. அந்த நேரம் பார்த்து நாத்தனார் தொண்டையைச் செருமுவார்.

அன்று காலை நல்ல கூட்டம். தையல்காரம்மா நாற்காலியில். நாத்தனார் ஜன்னல் ஓரத்தில் பட்டாணிக் கிண்ணத்தோடு. பஸ்காரர் சுவருக்கு முன்னால் நின்று, இரண்டு விரலால் ஏறிக்கொண்டிருந்தார். கணவர் வெந்நீரில் துண்டை நனைத்திருந்தார். கீழே கடையில் யாரோ கூப்பிட, "இதோ வந்துட்டேன், துண்டைத் தொடாதீங்க" என்று எச்சரித்துவிட்டு இறங்கிப் போனார்.

பஸ்காரரின் விரல் கடைசிக் கோட்டைத் தாண்டியது. அதற்கு மேலே ஜன்னலின் மேல் தாழ்ப்பாள் இருந்தது. நின்றார், மூச்சு விட்டார். இன்னும் ஏறினார். விரல்நுனி தாழ்ப்பாளில் பட்டு 'டிங்' என்றது.

"அக்கா! விசில்!" என்று கத்தினார் பஸ்காரர்.

தையல்காரம்மா கை தட்டினார். நாத்தனார் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு நிஜ விசிலே அடித்துவிட்டார். பட்டாணி தரையில் உருண்டது. "இறக்காதீங்க, அப்படியே இருங்க, தோள் சூடா இருக்கும்போதே ஒத்தடம் குடுத்துடலாம்" என்று மெல்லக்கா சிரித்துக்கொண்டே வெந்நீரிலிருந்து துண்டை எடுத்தார், ஒரே முறுக்கு, உதறினார், பஸ்காரரின் தோளில் விரித்தார். ஆவி பறந்தது. "இப்ப மெல்ல இறக்குங்க. மெல்ல..."

அறை சட்டென்று அமைதியானது ஏன் என்று மெல்லக்காவுக்குப் புரியவில்லை. தையல்காரம்மா தரையைக் காட்டினார். தரை காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை.

மெல்லக்கா தன் வலது கையை உயர்த்திப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை சிவந்திருந்தது, வெந்நீர்ச் சூட்டில்.

"யார் சொல்லிக்குடுத்தது?" என்றார், அதைப் பார்த்தே. பேக்கரியில் கேட்ட அதே கேள்வி.

படியேறி வந்த கணவர் வாசலில் நின்றார். பஸ்காரர் தோளில் துண்டு. வெந்நீர்ப் பாத்திரத்தில் துண்டு இல்லை. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. "யார் பிழிஞ்சது? தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்!" என்று கிட்டே வந்து துண்டின் ஓரத்தை விரலால் அமுக்கிப் பார்த்தார். ஈரம் சுரக்கவில்லை. தொழில் தெரிந்தவர் ஆயிற்றே, பார்த்ததும் புரிந்துவிட்டது. அவருடைய பிழிதல் இல்லை அது. மனைவியைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குப் பக்கத்தில் கிடந்த இன்னொரு துண்டை எடுத்தார். அது ஈரத் துண்டு, முகமெல்லாம் தண்ணீர்.

"டேய், அழுறதுக்குக்கூடக் காஞ்ச துண்டு எடுக்கத் தெரியல உனக்கு" என்றார் நாத்தனார்.

மெல்லக்கா பஸ்காரரிடம் திரும்பினார். "நீங்க டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டி, வண்டி எடுக்கலாமான்னு கேட்டுக்குங்க. வீட்ல சுவர் இருக்கில்ல? தினம் அதுல ஏறுங்க. இனி வராதீங்க."

பஸ்காரர் துண்டோடு குதித்தார். அவர் படியிறங்கிய சத்தம் தெருவுக்கே கேட்டது.

பிறகு மெல்லக்கா கணவரைப் பார்த்தார். ரொம்பவும் மரியாதையாக, வந்தவர்களிடம் பேசும் குரலில் சொன்னார்: "நீங்களும்தான். இனி வராதீங்க."

"நானா? எனக்கு என்ன?"

"குணமாயிடுச்சு."

"எனக்கு எதுவுமே இல்லையேம்மா!"

"இல்லாமயா கடையை விட்டுட்டு இத்தனை நாள் இங்கயே கிடந்தீங்க?"

மனிதர் தலையைச் சொறிந்தார். ஆனால் வாங்கினது பட்டமாயிற்றே. அன்று சாயங்காலத்துக்குள் கடைக்கு வந்த எல்லாரிடமும், "எனக்கும் சொல்லிட்டாங்க, இனி வராதீங்கன்னு" என்று சொல்லி முடித்திருந்தார்.

மறுநாள் காலை, தையல்காரம்மாவின் கழுத்தில் மெல்லக்கா உள்ளங்கையை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். வலது கைதான், ஆனால் நடுவில் ஒரு தடவை இடது கைக்கும் மாற்றிக்கொண்டார். அதற்கும் பழகிவிட்டதே. கதவு கொஞ்சமாகத் திறந்தது. இடுக்கில் கணவரின் மூக்கும் மூக்குக்கண்ணாடியும்.

"சும்மா பாக்க வந்தேன். எல்லாம் சரியா நடக்குதான்னு."

மெல்லக்கா திரும்பவில்லை. உள்ளங்கையின் கீழே மூச்சு இறங்கிக்கொண்டிருந்தது.

"நடக்குது, நடக்குது" என்றார். "கதவைச் சாத்திட்டுப் போங்க."